கதியும் வேகமும்

நூற்றெட்டு உருத்திராக்க மணிகளையும் நூலிலிருந்து உருவி, இறைவன் திருமேனியைச் சுற்றி ஒவ்வொன்றாக அந்தரத்தில் நிறுத்தி முடித்ததும், யோகாம்பிகை கைகூப்பியபடி பின்வாங்கினாள். இனி மூச்சைக்கூட மெல்லத்தான் விடவேண்டும். நெடும்புணை என்னும் அந்த விண்கலத்தில் எடை என்பது இல்லை. விட்ட பொருள் விட்ட இடத்தில் நிற்கும். ஆயினும் கலமெங்கும் காற்றாடிகள் ஓயாது சுழல்வதால் நிற்கவேண்டிய பொருளும் நில்லாது அலையும். ஆண்டுக்கு ஒருமுறை, மார்கழித் திருவாதிரை விடியலில் மட்டும், கோயிலறையின் காற்றுவாய்களை அடைத்துவிட்டு, ஒரு பதிகம் பாடி முடியும் வரையில் மணிகளை அசையாது நிறுத்துவார்கள். அதற்கு மணிப்பந்தல் என்று பெயர். கலத்திலேயே பிறந்த வழிபாடு அது. மண்ணுலகில் எந்தத் தலத்திலும் அதைக் காணமுடியாது.

முதலாண்டில் பதினொரு பாட்டும் நிறைவுறும் வரை மணிகள் விண்மீன்களைப் போல நின்றன. இரண்டாம் ஆண்டில் காற்றை அடைக்கக் கலத்தலைவர் ஆடலரசன் இசையவில்லை. யாருக்கேனும் மூச்சுத் திணறினால் யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டார். இந்த மூன்றாம் ஆண்டில் அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். சமையற்காரர் சோலைமலை துணைத்தலைவியிடம் சர்க்கரைப் பொங்கலோடு போய் நின்று, அனுமதியோடு திரும்பி வந்தார்.

பாடியவரும் சோலைமலைதான். மதுரைப் பக்கத்துக் குரல், கனமானது, சுருதிக்கு அவ்வளவாகக் கட்டுப்படாதது. இரண்டாம் பாட்டின் நடுவில் அவர் கண்ணைத் திறந்தார், பிறகு வாயை மூடிக்கொண்டார்.

"அக்கா, என் பாட்டு நல்லா இருக்காதுன்னு எனக்கே தெரியும். அதுக்காக மணியெல்லாம் எந்திரிச்சு ஓடணுமா?"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மணிகள் உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தன. யோகாம்பிகைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எங்கேனும் ஒரு துளையின் வழியே காற்று புகுந்திருந்தால் மணிகள் சிதறியிருக்கும். ஒன்று மேலும் மற்றொன்று கீழுமாகத் தடுமாறியிருக்கும். இவையோ வரிசை குலையாமல், ஒன்றுக்கொன்று இடைவெளி மாறாமல், பந்தல் முழுவதுமாக இடப்பக்கம் நகர்ந்தன. நகர்ந்து, இறைவனைத் தனியே விட்டுவிட்டு, இடச்சுவரில் போய் ஒவ்வொன்றாகத் தட்டின.

"எங்கையோ ஒரு வாயை மூடாமல் விட்டிட்டம் போல," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். தான் சொல்வது பொய் என்பதை அந்தச் சொல் வாயை விட்டுப் போகும்போதே உணர்ந்தாள்.

அடியார்கள் கலைந்த பின் கதவைத் தாழிட்டு, ஒரே ஒரு மணியை அந்தரத்தில் விட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு முழம் நகர ஐம்பத்திரண்டு நொடி. மறுபடியும் விட்டாள். ஐம்பத்திரண்டு. மூன்றாம் முறையும் அதுவே.

கைவிட்ட மணிக்கு நகரும் காரணம் ஏதும் இல்லை. ஆகவே நகர்வது மணி அன்று, சுவர். கலத்தை யாரோ வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். தலைமைப் பொறி எரிந்தால் பொருள்கள் பின்சுவரை நாடும். அதுவோ அணைந்து இரண்டரை ஆண்டாயிற்று. பக்கவாட்டில் தள்ளக்கூடியது ஒன்றுதான் உண்டு. கலத்தின் வெப்பம் மிகுந்துவிட்டதென்று சொல்லி, இருபத்திரண்டு மாதங்களாக இடவிலாவின் வழியே நீராவியை வெளியேற்றி வருகிறார் தலைவர். ஆவி இடப்புறம் பீறிட்டால் கலம் வலப்புறம் ஒதுங்கும். காற்றாடிகளை விரைவாகச் சுழற்றச் சொன்ன ஆணையும் அதே மாதத்தில்தான் வந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பொருள்கள் இடச்சுவரை நாடுவதைக் காற்றின் மேல் போட்டு மறைப்பதற்கு வேறென்ன வழி?

பெருங்கூடத்துக்குப் போனாள். அங்கே சுவரில், ஆளுயரத்தில், ஓர் எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. நொடிக்கு அறுபது கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்து வளர்ந்த யோகாம்பிகை அந்தக் கருவியைக் கதிமானி என்பாள். ஆடலரசனைப் போன்ற தஞ்சைப் பக்கத்தாரும் மதுரையாரும் வேகமானி என்பார்கள். கருவி அவள் பொறுப்பு. ஞாயிற்றின் அருகே நிறுத்தப்பட்ட மூன்று வழிகாட்டி நிலையங்களின் அலைகளை ஒப்பிட்டு அது கணிக்கும். ஒவ்வொரு திங்களும் அவளே பிரித்துத் துடைத்துச் சரிபார்ப்பாள். வேலைக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் அந்த எண்ணை நோக்கி ஒரு கையை நெஞ்சில் வைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. எண் மாறாதவரை வாக்கு மாறவில்லை என்பது நானூற்றுப் பன்னிரண்டு பேரின் நம்பிக்கை.

வாக்கு இதுதான். பனி படர்ந்த ஒரு குறுங்கோளில் முன்நிலையம் என்ற பெயரில் ஐம்பத்து மூன்று பேர் ஆறாண்டாகக் காத்திருக்கிறார்கள். இந்தக் கலம் கொண்டுவரும் விதையையும் மருந்தையும் ஆட்களையும் நம்பி, கைவசம் உள்ள உணவில் அரைவயிறு உண்டு வாழ்கிறார்கள். அவர்களுள் ஒருவன் அவளுடைய அண்ணன் பரஞ்சோதி. புறப்படும் முன்பு, இடைவழியில் கலத்தவர் மனம் மாறிவிட்டால் அவர்கள் கதி என்னவாகும் என்று சபையில் எழுந்து கேட்டவள் யோகாம்பிகை. அவள் கேட்டதன் பேரில் உடன்படிக்கையில் ஒரு வரி சேர்ந்தது: அனைவர் ஒப்புதலுமின்றிக் கலத்தின் வேகம் மாற்றப்படமாட்டாது. எழுதியவர் ஆடலரசன். கீழே கையொப்பமிட்டது அவர்கள் இருவரும்.

எண் சரியாகவே காட்டியது. கருவியைக் குறைசொல்ல வழியில்லை. பலகையை எடுத்துக் கணக்கிட்டாள். இருபத்திரண்டு மாதம், இந்தச் சிறு விசை, இந்த வேகம். விடை பதினெட்டுப் பாகை என்று வந்தது. கலத்தின் பாதை முன்நிலையத்தை விட்டுப் பதினெட்டுப் பாகை விலகிவிட்டது.

ஆடலரசன் கட்டிலோடு வாரால் பிணைக்கப்பட்டுக் கஞ்சிப்பையை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, அகன்ற நெற்றி, காய்ச்சலிலும் திருநீறு அழியவில்லை. இதயத்தில் சிறு குறை என்று மருத்துவக் குழு அவளைத் தள்ளியபோது, 'இந்தப் பொண்ணு வரலைன்னா நானும் வரலை' என்று நின்றவர் அவர். பெற்ற தந்தைக்குச் சொல்லாதவற்றையும் அவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

"வாம்மா யோகம். பண்டிகை நாளும் அதுவுமா முகம் ஏன் இப்படி இருக்கு?"

"அண்ணை, நாங்கள் எங்க போறம்?"

அவர் பையை இறக்கினார். "காத்தை அடைச்சீங்களா?"

"ஓம்."

"சோலைமலையோட பொங்கல்," என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, மறைக்க முயலவே இல்லை. "எவ்வளவுன்னு கணக்குப் போட்டியா?"

"பதினெட்டு."

"பதினெட்டேகால்."

அந்தக் கால் பாகையைத் திருத்திய குரலின் நிதானம் அவளைக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

"எங்க ஊர்த் தேரைப் பாத்திருக்கியா நீ? இல்லை, நீ எங்க பாத்திருப்பே," என்றார். "வடம் பிடிக்கிறவங்க ஆயிரம் பேர். முன்னால இழுத்தா ஓட்டம் கூடும், பின்னால இழுத்துப் பிடிச்சா குறையும். ஆனா தேரை வீதி முனையில திருப்புறவன் வடத்தைத் தொடவே மாட்டான். சக்கரத்துக்குப் பக்கவாட்டுல முட்டுக்கட்டையோட நிப்பான். எங்கப்பா அந்த வேலைதான் பாத்தாரு. இங்கயும் அதே கதைதான். போற திசையில தள்ளுற கூறு வேகத்தைத் தொடும். அதுக்குச் செங்குத்தா தள்ளுற கூறு வேகத்துல ஒரு மயிரிழையும் தொடாது, திசையை மட்டும் திருப்பும். கலம் திரும்பத் திரும்ப ஆவிக் குழாயையும் கூடவே திருப்பிக்கிட்டே வந்தேன், எப்பவும் செங்குத்தாவே இருக்கணும்னு. அதான் உன் எண் அசையலை."

"எனக்குப் பாடம் சொல்லாதேங்கோ. ஏன் எண்டு சொல்லுங்கோ."

"அங்க வெப்பம் இல்லம்மா. கோளுக்கு அடியில வெந்நீர் இருக்கும்னு நம்பித்தானே கிளம்பினோம்? தோண்டிப் பாத்துட்டாங்க, இல்லைன்னு தலைவருக்கான அறிக்கை வந்துது. அவங்ககிட்ட இருக்கிற உலை ஐம்பது பேருக்குத் தாங்கும். நானூறு பேர் போய் இறங்கினா ஒரே குளிர்ல எல்லாரும் சேர்ந்து போயிடுவோம். இன்னொரு கோள்ல வெப்பம் இருக்குன்னு உறுதியாத் தெரிஞ்சுது. திருப்பிட்டேன்."

"சபையைக் கூட்டியிருக்கலாமே."

"கூட்டினா? பாதிப் பேருக்கு அங்க அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி. செத்தாலும் சேர்ந்து சாவோம்னு கை தூக்கியிருப்பீங்க. நீதான் முதல்ல தூக்கியிருப்பே. என் அக்கா மகனும் அங்கதான் இருக்கான், யோகம். நான் தூங்கி ரெண்டு வருஷம் ஆகப்போகுது."

அவருடைய துயரம் மெய்யானது என்பதை அவள் கண்டாள். கண்டும் அவளுள் இரக்கம் சுரக்கவில்லை.

"நீங்கள் எழுதிக் கையெழுத்து வைச்சனீங்கள். வேகம் மாத்தமாட்டம் எண்டு."

"மாத்தலையே," என்றார் அவர், மெல்ல. "கூடத்துல போய்ப் பாரு. அறுபது."

சற்று நேரம் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"அது கதி," என்றாள். குரல் அவளுடையது போலவே இல்லை. "எங்கட பள்ளிக்கூடத்தில அதுக்குப் பேர் கதி. வேகம் எண்டால் திசையும் சேர்ந்ததுதான். திசை மாறினால் வேகம் மாறிப்போச்சு எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சவை."

"எங்க பாடப்புத்தகத்துல வேகம்னா வெறும் வேகம். திசை சேர்ந்தா அது திசைவேகம்."

ஒரே மொழியின் இரு கரைகள். ஒரு கரையில் நின்றவள் முழுமையை வாங்கியதாக நம்பினாள். மறுகரையில் நின்றவர் பாதியைத்தான் கொடுத்திருந்தார். அடியார்கள் நூற்றாண்டுக் கணக்காக இறைவனிடம் முறையிட்டு வேண்டிய சொல் கதி; புகலிடம் என்று அதற்குப் பொருள். அதே சொல்லைக் கருவியின் முகத்தில் ஓர் எண்ணாகக் கண்டு அவள் மகிழ்ந்திருந்தாள். இது பேதைமை, பேதைமைக்கு யாரையும் நோவதற்கில்லை. அறியாமல் நேர்ந்த பிழை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அழுதுவிட்டுத் திரும்பியிருப்பாள்.

"அண்ணை, ஒண்டு மட்டும் உண்மையாச் சொல்லுங்கோ. கையெழுத்து வைச்ச அண்டைக்கு, நான் வேற பொருளிலதான் விளங்கிக்கொண்டன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் கஞ்சிப்பையின் மூடியைத் திருகி மூடினார்.

"நீ அன்னிக்கு அதைக் கதிமானின்னு சொன்னே," என்றார் ஆடலரசன். "நான் சிரிச்சுட்டு, எங்க ஊர்ல வேகமானின்னு சொல்லுவோம்னேன். ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். புரிஞ்சுது. மறுநாள் திருத்தியிருக்கலாம். ஆபத்துன்னு ஒண்ணு வந்தா ஒரு வாசல் திறந்திருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அப்படியானால், அவளுக்காக மருத்துவக் குழுவோடு சண்டையிட்ட நாளிலும், கூடத்தில் அவளோடு நின்று எண்ணைக் கும்பிட்ட ஒவ்வொரு காலையிலும், அந்த வாசலின் திறவுகோல் அவர் மடியில் இருந்திருக்கிறது.

"திருப்பி விடலாமோ?"

"நீர் பத்தாது. மறுபடி பதினெட்டுப் பாகை திருப்பினா, போய்ச் சேர்ந்த இடத்துல நிறுத்தறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. தாண்டிப் போய்க்கிட்டே இருப்போம்."

"அப்ப முன்நிலையத்தில இருக்கிறவைக்கு நான் சொல்லவேணும். இண்டைக்கே. சாப்பாடு இல்லாமலே வருசக்கணக்காய்த் தூங்கக்கூடிய துயிற்பேழை அங்க ஐம்பத்து மூண்டு இருக்குது. இப்பவே படுத்தால், பூமியிலயிருந்து அடுத்த கலம் வாற பதினோராண்டுக்குத் தாங்கும். எங்களைப் பாத்துக்கொண்டு விழிச்சிருக்கிற ஒவ்வொரு மாசமும் அவையின்ர உயிர், அண்ணை. அதைக்கூடச் சொல்லாமல் இருந்தனீங்களே!"

"சொன்னா இங்க தெரிஞ்சுடும்னு..." அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "போய்ச் சொல்லு. நான் தடுக்கலை."

செய்தியறையில் அவள் ஐந்து முறை எழுதி ஐந்து முறையும் அழித்தாள். செய்தவர் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று விரல் துடித்தது. ஆனால் கேட்பவர்கள் சாவை எதிர்நோக்கி இருப்பவர்கள். அவர்களிடம் போய், நானல்ல, அவர்தான் என்று கை காட்டுவது அற்பத்தனமாகத் தோன்றியது. கடைசியில் அனுப்பியது சிறியது: 'அண்ணா, நாங்கள் திசை திரும்பிவிட்டோம். உங்களிடம் வரமாட்டோம். உடனே எல்லோரும் பேழைகளில் படுத்துவிடுங்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். யோகம்.'

செய்தி போய்ச்சேர நான்கு மணி நேரம். விடை வர நான்கு மணி நேரம். அதுவரை அவள் எதையும் உண்ணவில்லை. மாலை விளக்கேற்றும் வேளையில் திரை ஒளிர்ந்தது.

'தங்கச்சிக்கு,

கடைசியில் நீயே சொல்லிப்போட்டாய். எனக்கு இப்ப எவ்வளவு ஆறுதல் என்று உனக்குத் தெரியாது.

எங்களுக்கு இது இருபது மாதத்துக்கு முன்னமே தெரியும். உங்கட கலத்திலிருந்து வரும் வானொலிச் சைகையின்ர சுருதி கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கத் தொடங்கினது. எங்களை நோக்கி வருகிற கூறு தேயுது என்றுதான் அதுக்கு அர்த்தம். ஆனால் நீ எழுதுகிற கடிதங்களில் கதி அறுபது என்றே இருந்தது. கதி குறையாமல் எங்கட பக்கத்துக் கூறு மட்டும் குறையுது என்றால், மிச்சம் வேறு பக்கம் போகுது, கலம் திரும்புது. சின்னக் கணக்குத்தானே.

கதிமானி உன் கையில் இருக்கிறது. உனக்குத் தெரியாமல் அந்தக் கலத்தில் ஒரு அணுவும் அசையாது என்று எனக்குத் தெரியும். நீ இதுக்குச் சம்மதிச்சிருக்கிறாய் என்றால், வேறு வழியே இருந்திருக்காது. சிலபேர் உன்னை ஏசினார்கள், மறைக்க விரும்பவில்லை. நான் விடவில்லை. கீழே வெந்நீர் இல்லை என்று எங்களுக்கே தெரிந்த பிறகு, நானூறு பேரை இங்கே இறக்கிச் சாகவிடாமல் திருப்பினவள் என் தங்கச்சி என்றுதான் சொன்னேன்.

ஐம்பத்திரண்டு பேர் அந்த மாதமே படுத்துவிட்டார்கள். உன் மச்சாள், என்ர மனுசியும்தான். நான் மட்டும் விழித்திருந்தேன். கடிதங்கள் நின்றுபோனால் எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று நீ கண்டுபிடித்துவிடுவாய்; செய்த பாவம் உன்னைத் தின்றுவிடும். அதனால் எல்லோருடைய கடிதத்தையும் நானே எழுதினேன். மச்சாளின்ர பகிடிகள் வரவர நல்லாயில்லை என்று நீ எழுதினாய். அது என்ர குற்றம், பிள்ளை.

இனி எழுதத் தேவையில்லை. என் பேழையைச் சூடாக்க வைத்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் படுத்துவிடுவேன். நீ மன்னிப்புக் கேட்டாய். எப்போதோ மன்னித்துவிட்டேன்.

அண்ணா'

அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு திரையின் மூலையில் இருந்த நேரக் குறிப்பைப் பார்த்தாள். கடிதம் அங்கிருந்து புறப்பட்டு நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. அவன் படுத்து மூன்று மணி நேரம்.

ஆயினும் அவள் எழுதினாள். இம்முறை அழிக்கவில்லை. எனக்குத் தெரியாது அண்ணா, இன்று காலைதான் தெரியும், என்னையும் ஏமாற்றிவிட்டார்கள், நாங்கள் என்று நான் எழுதியது கலத்தை, என்னை அல்ல என்று, எழுத்துப் பிழைகளோடு, மூச்சு விடாமல். அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது பின்னால் யாரோ வாயிற்படியைப் பற்றிக்கொண்டு மிதப்பது தெரிந்தது. ஆடலரசன்.

"என்னம்மா சொல்றான் உங்க அண்ணன்? திட்டுறானா?"

அவள் திரும்பவில்லை. "இல்லை," என்றாள். "நல்லா இருக்கச் சொல்லுறான்."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. அது நிம்மதியின் மூச்சு. வாயிற்படியை உந்தி விலகி அவர் போனார்.

யோகாம்பிகை அந்த இருக்கையிலேயே வாரைக் கட்டிக்கொண்டு இருந்தாள். எட்டு மணி நேரம் கழித்து முன்நிலையத்தின் பொறி தானாக விடை அனுப்பியது. 'பெறுபவர் துயிலில் உள்ளார். செய்தி காக்கப்படும்.'